டாம் பிரேடிதான், ஆனால் மோதிரக் கணக்கால் அல்ல

கேள்வி இதுதான்: "அமெரிக்கன் ஃபுட்பால் பார்க்க ஆரம்பித்து இரண்டு சீசன் ஆகிறது. ஏழு சூப்பர் பவுல் ஜெயித்த டாம் பிரேடிதான் எல்லாக் காலத்துக்கும் சிறந்த குவார்ட்டர்பேக் என்று பாதிப் பேர் சொல்கிறார்கள். மீதிப் பேர் மொன்டானா, மேனிங், மஹோம்ஸ் என்று இன்னும் சண்டை போடுகிறார்கள். ஏழு மொன்டானாவின் நாலைவிடப் பெரிது என்றால், இதில் சண்டை போட என்ன இருக்கிறது?"

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிரேடிதான். ஆனால் அதற்கு நீங்கள் சொல்லும் காரணத்தை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். குவார்ட்டர்பேக் என்பவர் பந்தை வாங்கி வீசி அணியின் தாக்குதலை நடத்துகிறவர். என்எஃப்எல் என்ற லீகின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுலை ஜெயிக்கும் அணியினருக்கு ஒரு மோதிரம் கிடைக்கும். அந்த மோதிரத்தை எண்ணிப் பார்த்தால் விடை சரியாக வருகிறது, வழிதான் தப்பு. அதே வழியில் இன்னும் இரண்டு பேரைக் கணக்குப் போட்டால் விடையும் தப்பாகிவிடும்.

ஓட்டோ கிரஹாமை எடுத்துக்கொள்ளுங்கள். கிளீவ்லேண்ட் பிரவுன்ஸ் அணிக்கு 1946 முதல் 1955 வரை பத்து சீசன் ஆடினார். பத்திலும் அணி இறுதி ஆட்டத்துக்குப் போனது, ஏழில் ஜெயித்தது. பிரேடிக்கு 23 சீசனில் ஏழு, இவருக்குப் பத்தில் ஏழு. எண்ணிக்கைதான் அளவுகோல் என்றால் கிரஹாமைத்தானே முதலில் வைக்க வேண்டும்? அவருடைய முதல் நான்கு கோப்பைகளும் ஏஏஎஃப்சி என்ற வேறொரு லீகில் வந்தவை, சேர்க்கக் கூடாது என்பார்கள். சரி, அந்த லீக் மூடப்பட்டு 1950இல் பிரவுன்ஸ் என்எஃப்எல்லுக்குள் வந்தது. முதல் ஆட்டமே நடப்புச் சாம்பியனான ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸுடன். 35-10 என்று அடித்துத் துவைத்தார்கள். அந்த வருடக் கோப்பையும் பிரவுன்ஸுக்கே. முதல் சூப்பர் பவுல் நடந்தது 1967 ஜனவரியில்தான். அதற்கு முந்தைய சாம்பியன்களை இன்றைய பட்டியல்கள் ஏறிட்டும் பார்ப்பதில்லை, கிரஹாமும் அந்தக் கூட்டத்தோடு போய்விட்டார்.

அடுத்து பெய்டன் மேனிங். மதிப்புமிக்க ஆட்டக்காரர் விருது, அதாவது எம்விபி, ஐந்து முறை வாங்கியவர். வேறு யாருக்கும் ஐந்து கிடையாது. 2011இல் கழுத்துக் காயத்தால் ஒரு சீசன் முழுக்க ஆடாமல், பழைய அணி விட்டுவிட, டென்வருக்குப் போய் 2013இல் பந்தை எதிரணியின் எல்லைக்குள் சேர்க்கும் டச் டவுன் பாஸ் 55, மொத்தம் 5,477 யார்டு வீசினார். ஒரே சீசனில் யாரும் அவ்வளவு வீசியதில்லை. அந்த வருட சூப்பர் பவுலில் ஆட்டத்தைத் தொடங்க அவருக்குப் பின்னால் கொடுத்த முதல் பந்தே, அதாவது ஸ்னாப்பே, அவர் தலைக்கு மேலே பறந்துபோய் எதிரணிக்கு இரண்டு புள்ளி. கடைசியில் சியாட்டிலிடம் 43-8 என்று அவமானத் தோல்வி. இரண்டு வருடம் கழித்து 2015இல் கையில் பழைய பலமே இல்லை. அந்த சீசனில் 9 டச் டவுன், எதிரணி பறித்த பந்து, அதாவது இன்டர்செப்ஷன், 17. சூப்பர் பவுலில் 141 யார்டுதான் வீசினார். டென்வரின் டிஃபென்ஸ் ஆட்டத்தை ஜெயித்துக் கொடுத்தது, மேனிங் விரலில் இரண்டாவது மோதிரம் ஏறியது. அவருடைய மிகச் சிறந்த சீசனுக்கு மோதிரம் இல்லை, மிக மோசமான சீசனுக்கு உண்டு. இந்த மோதிரம் எதைத்தான் அளக்கிறது?

பிரேடியின் கணக்கிலும் இதே கோளாறு உண்டு. 2002 பிப்ரவரியில் அவர் முதல் சூப்பர் பவுலை ஜெயித்தபோது வீசியது 145 யார்டு. 2018 பிப்ரவரியில் ஈகிள்ஸிடம் 41-33 என்று தோற்றபோது வீசியது 505 யார்டு, மூன்று டச் டவுன், இன்டர்செப்ஷன் ஒன்றுகூட இல்லை. அன்று பிரேடியின் அணியான பேட்ரியட்ஸ் ஒரு முறைகூடப் பந்தை பண்ட் செய்து, அதாவது உதைத்து, எதிரணிக்குக் கொடுக்கவில்லை. அதற்கு அடுத்த வருடம் ராம்ஸுக்கு எதிராக 13-3 என்ற தூங்குமூஞ்சி ஆட்டம். பிரேடி ஒரு டச் டவுன் பாஸ்கூட வீசவில்லை. அதற்கு மோதிரம் கிடைத்தது! கிரிக்கெட்டில் இப்படி யாராவது அளப்பார்களா? உலகக்கோப்பை எண்ணிக்கையை வைத்துப் பார்த்தால் பிரையன் லாராவுக்குப் பட்டியலில் இடமே இருக்காது.

மோதிரம் வேண்டாம் என்றால் எதைப் பார்ப்பது? அந்த ஆள் செய்கிற வேலையைப் பார்க்க வேண்டும். புதிதாகப் பார்ப்பவர்கள் பந்து பறக்கும் தூரத்தைப் பார்த்து வாயைப் பிளப்பார்கள். உண்மையான வேலை பந்து கையை விடுவதற்கு முன்பே முடிந்துவிடும். ஹெல்மெட்டில் உள்ள சின்ன ஸ்பீக்கர் வழியாகக் கோச் திட்டத்தைச் சொல்கிறார். அடுத்த பிளேயைத் தொடங்க வேண்டிய கெடுவைக் காட்டும் கடிகாரத்தில் 15 வினாடி மிச்சமிருக்கும்போது அந்த இணைப்பு அறுந்துவிடும். அதற்குப் பிறகு குவார்ட்டர்பேக் தனி ஆள். எதிரில் நிற்கும் பதினொரு பேரில் யார் பாய்ந்து வரப்போகிறார், யார் பாய்வது போல நடிக்கிறார் என்று பார்க்க வேண்டும். திட்டம் சரிவராது என்று தோன்றினால் அங்கேயே கத்தி மாற்ற வேண்டும். பந்து கைக்கு வந்ததும் ஏறக்குறைய இரண்டரை வினாடி. அதற்குள் 130 கிலோ ஆட்கள் இரண்டு மூன்று பேர் மேலே விழ வருவார்கள். பந்தைப் பிடிக்க ஓடும் முதல் ரிசீவரைப் பார்க்கிறார், அடைபட்டிருக்கிறார். இரண்டாமவர், அவரும் அப்படியே. மூன்றாமவர் இன்னும் திரும்பவே இல்லை, ஆனால் திரும்பும்போது எங்கே நிற்பார் என்று தெரியும். அந்த இடத்துக்குப் பந்தை எறிய வேண்டும். இதை ஒரு ஆட்டத்தில் முப்பது நாற்பது தடவை செய்ய வேண்டும். கை பலம் இதில் ஒரு பங்குதான்.

இந்த வேலையைக் கண்டுபிடித்தவர் என்று ஒருவரைச் சொல்லலாம் என்றால் ஜானி யுனைட்டஸைச் சொல்வேன். கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்து எடுக்கும் டிராஃப்ட்டில் 1955இல் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் ஒன்பதாவது சுற்றில் எடுத்து, சீசன் தொடங்கும் முன்பே வீட்டுக்கு அனுப்பிவிட்டது. ஒரு ஆட்டத்துக்கு ஆறு டாலர் சம்பளத்தில் உள்ளூர் அணியொன்றில் ஆடிக்கொண்டிருந்தவரை 1956இல் பால்டிமோர் கோல்ட்ஸ் கூப்பிட்டது. 1958 டிசம்பர் 28, நியூயார்க்கின் யாங்கி ஸ்டேடியம், சாம்பியன்ஷிப் ஆட்டம். ஜயன்ட்ஸ் 17-14 என்று முன்னிலை. இரண்டு நிமிடம்கூட இல்லை, கோல்ட்ஸிடம் பந்து இருப்பது தங்கள் 14 யார்டு கோட்டில். யுனைட்டஸ் ரேமண்ட் பெர்ரிக்கு அடுத்தடுத்து மூன்று பாஸ், மொத்தம் 62 யார்டு. ஏழு வினாடி மிச்சமிருக்கும்போது பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்து ஃபீல்ட் கோல், ஆட்டம் சமன். என்எஃப்எல் சாம்பியன்ஷிப் ஒன்று ஓவர்டைமுக்குப் போனது அதுவே முதல் முறை. அங்கே 80 யார்டு கொண்டுபோய் முடித்தார், 23-17. அந்த ஆட்டத்தில் யுனைட்டஸின் காதில் ஸ்பீக்கர் கிடையாது. எந்தத் திட்டம், யாருக்கு, எப்போது என்று எல்லாவற்றையும் அவரே முடிவு செய்தார். கடிகாரத்தோடு போட்டி போட்டு இரண்டு நிமிடத்தில் மைதானத்தின் நீளத்தைக் கடப்பது என்ற கலையையே நாடு முழுக்க டிவியில் பார்த்தவர்கள் அன்றுதான் தெரிந்துகொண்டார்கள்.

அவர் எண்களை இன்று பார்த்தால் சிரிப்பு வரும். 290 டச் டவுன், 253 இன்டர்செப்ஷன். வீசிய பாஸில் 54.6 சதவீதம்தான் சேர்ந்தது. இன்று அந்தச் சதவீதத்தோடு இருந்தால் நாலாவது வாரமே பெஞ்சில் உட்கார வைத்துவிடுவார்கள். ஆனால் அன்று அது முதல் தர ஆட்டம். தொடர்ந்து 47 ஆட்டங்களில் குறைந்தது ஒரு டச் டவுன் பாஸ் வீசினார். அதை 2012இல்தான் டிரூ பிரீஸ் முறியடித்தார், 52 வருடம் கழித்து.

எண்களை அப்படியே ஒப்பிட முடியாமல் போனதற்குக் காரணம் விதிகள். 1978க்கு முன்னால் ஐந்து யார்டைத் தாண்டி ஓடிய ரிசீவரையும் டிஃபென்ஸ்காரர் இடித்துத் தள்ளலாம். அந்த வருடம் ஐந்து யார்டுக்கு அப்பால் தொடக் கூடாது என்று விதி வந்தது. குவார்ட்டர்பேக்கைக் காக்கும் லைன்மேன்கள் கையை நீட்டித் தடுக்கவும் அனுமதி கிடைத்தது. சீசனும் 14 ஆட்டத்திலிருந்து 16 ஆனது, 2021இல் 17 ஆனது. 2004இல் பழைய தொடுகை விதியை இன்னும் கறாராக அமல்படுத்தச் சொன்னார்கள். பிறகு குவார்ட்டர்பேக்கின் தலையில் அடிக்கக் கூடாது, முழங்காலில் விழக் கூடாது என்று ஒவ்வொன்றாக வந்தன. 2008இல் முதல் ஆட்டத்திலேயே பிரேடியின் முழங்கால் கிழிந்தது, அடுத்த வருடமே முழங்கால் விதி இறுகியது. ஆக 1965இன் 3,000 யார்டும் 2025இன் 4,500 யார்டும் ஒரே பணம் இல்லை.

அதனால்தான் அந்தந்தக் காலத்து ஆட்களைவிட எவ்வளவு உயரத்தில் நின்றார் என்று பார்ப்பது கொஞ்சம் நியாயமான அளவு. அந்த அளவில் எனக்கு மிகப் பெரிய அதிர்ச்சி 1984இன் டேன் மரீனோ. அதுவரை ஒரு சீசனில் அதிகபட்ச டச் டவுன் 36. இரண்டாவது வருட ஆட்டக்காரரான மரீனோ 48 வீசினார். 5,000 யார்டைத் தாண்டிய முதல் ஆளும் அவரே, 5,084. அந்த யார்டு சாதனை 2011 வரை நின்றது. அவர் பந்தை விடும் வேகத்தைப் பழைய வீடியோவில் பாருங்கள், காதருகே கை போனதுதான் தெரியும், அடுத்த கணம் பந்து இருக்காது. என் கண்ணுக்கு இன்றுவரை பார்க்க அழகானவர் மரீனோதான், அது வேறு கதை. மோதிரம் ஒன்றுகூட இல்லை. அந்த 1984 சீசனின் முடிவில் ஒரே ஒரு சூப்பர் பவுல், மொன்டானாவிடம் 38-16 தோல்வி. பதினேழு சீசன் ஆடியும் மறுபடி அங்கே போகவே இல்லை.

இப்போது ஜோ மொன்டானா. ஐம்பது வயதுக்கு மேற்பட்ட அமெரிக்கரிடம் கேட்டால் பெரும்பாலும் இந்தப் பெயர்தான் வரும். நான்கு சூப்பர் பவுல், நான்கு வெற்றி, 122 பாஸ், 11 டச் டவுன், இன்டர்செப்ஷன் பூஜ்யம். 1979இல் மூன்றாவது சுற்றில் 82ஆவது ஆளாக சான் ஃபிரான்சிஸ்கோ எடுத்தது. பலமான கை கிடையாது. பில் வால்ஷ் என்ற கோச்சிடம் குறும்பாஸ்களை ஒரு தாளத்தோடு அடுக்கிக்கொண்டே போகும் முறை இருந்தது. அந்த முறைக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி வந்து சேர்ந்தவர் மொன்டானா.

1989 ஜனவரி, சின்சினாட்டி பெங்கால்ஸுடன் சூப்பர் பவுல். 16-13 என்று பின்தங்கியிருக்கிறார்கள், 3 நிமிடம் 10 வினாடி மிச்சம், பந்து தங்கள் 8 யார்டு கோட்டில். 92 யார்டு போக வேண்டும். அணி கூடி நின்றபோது மொன்டானா பதற்றத்தில் இருந்த லைன்மேன் ஹாரிஸ் பார்ட்டனிடம் "அங்கே பார், ஜான் கேண்டி" என்று பார்வையாளர் பகுதியில் இருந்த நகைச்சுவை நடிகரைக் காட்டினார். பிறகு சின்னச் சின்ன பாஸாகப் போனார்கள். நடுவில் ஒரு பெனால்டி வந்து 20 யார்டு தேவைப்பட்டது. அடுத்த பாஸ் ஜெர்ரி ரைஸுக்கு, 27 யார்டு. கடைசியில் ஜான் டெய்லருக்குப் பத்து யார்டு பாஸ், 34 வினாடி மிச்சம், 20-16.

இதைச் சொல்கிறவர்கள் அதே ஆட்டத்தில் கொஞ்சம் முன்னால் நடந்ததைச் சொல்ல மாட்டார்கள். நான்காவது குவார்ட்டரில் மொன்டானா வீசிய பந்து நேராக பெங்கால்ஸின் லூயிஸ் பில்லப்ஸ் கைக்குப் போனது. டச் டவுன் போடும் கடைசிப் பகுதியான எண்ட் சோனுக்குள். நழுவவிட்டார். அடுத்த ஸ்னாப்பில் ரைஸுக்கு டச் டவுன், ஆட்டம் 13-13. பில்லப்ஸ் அதைப் பிடித்திருந்தால் அந்தப் பூஜ்யமும் இருந்திருக்காது, நான்குக்கு நான்கும் சந்தேகம்தான். மொன்டானாவைக் குறைத்துச் சொல்லவில்லை. புகழ்பெற்ற பூஜ்யமே ஒருவர் விரலிடுக்கில் தொங்கிக்கொண்டிருந்தது என்று காட்டுகிறேன், அவ்வளவுதான்.

"மொன்டானா சூப்பர் பவுலில் தோற்றதே இல்லை, பிரேடி மூன்று முறை தோற்றார்" என்ற வாதமும் எனக்குப் புரிவதில்லை. 1985, 86, 87 மூன்று வருடமும் மொன்டானாவின் அணி பிளே-ஆஃபில் ஆடிய முதல் ஆட்டத்திலேயே வெளியேறியது. 1987இல் லீகிலேயே நல்ல அணி, ஆனால் மின்னசோட்டாவிடம் உதை வாங்கியது. அந்த ஆட்டத்தின் நடுவில் மொன்டானாவை உட்கார வைத்துவிட்டு ஸ்டீவ் யங்கை இறக்கினார் வால்ஷ். முதல் படியில் வழுக்கி விழுந்தவரைவிடக் கடைசிப் படியில் விழுந்தவர் எப்படிக் குறைந்தவர் ஆவார்?

வேறொரு விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். இந்தப் பட்டியலில் 1990க்கு முந்தைய பெயர்கள் எல்லாமே வெள்ளையர்களாக இருப்பது தற்செயல் அல்ல. 1934 முதல் 1945 வரை என்எஃப்எல்லில் கறுப்பின ஆட்டக்காரர் ஒருவர்கூட இல்லை. அதற்குப் பிறகும், யோசிக்க வேண்டிய இடம் என்பதால் குவார்ட்டர்பேக் இடத்தைக் கொடுக்க மாட்டார்கள். ஓடுகிற இடம், பிடிக்கிற இடம் என்று மாற்றிவிடுவார்கள். 1968இல் டென்வருக்காக 14 டச் டவுன் வீசிய மார்லின் பிரிஸ்கோ அடுத்த வருடம் பஃபலோவில் ரிசீவராக ஆட வேண்டியிருந்தது. கல்லூரி அணிகளின் ஆட்டமான 1978 ரோஸ் பவுலில் சிறந்த ஆட்டக்காரர் விருது வாங்கிய வாரன் மூனை டிராஃப்ட்டில் ஓர் அணியும் எடுக்கவில்லை. கனடாவுக்குப் போய் எட்மன்டனுக்காகத் தொடர்ந்து ஐந்து கிரே கோப்பை ஜெயித்தார். 1984இல்தான் ஹூஸ்டன் கூப்பிட்டது. அந்த ஆறு வருடத்தையும் என்எஃப்எல் எண்களில் சேர்த்தால் மூன் எங்கே நிற்பார்? டக் வில்லியம்ஸ் 1988 ஜனவரி சூப்பர் பவுலில் ஒரே குவார்ட்டரில் நான்கு டச் டவுன் வீசி ஜெயித்த பிறகுதான் இந்தப் பேச்சு கொஞ்சம் அடங்கியது. சூப்பர் பவுலின் இரு பக்கமும் கறுப்பின குவார்ட்டர்பேக்குகள் முதல் ஆளாக இறங்கியது 2023இல்தான் முதல் முறை, மஹோம்ஸும் ஜேலன் ஹர்ட்ஸும். ஆகவே "எல்லாக் காலத்துக்கும்" என்று சொல்லும்போது, அதில் பாதிக் காலம் கதவைச் சாத்தி வைத்துக்கொண்டு நடந்த போட்டி என்பது நினைவில் இருக்கட்டும்.

சரி, அப்புறம் ஏன் பிரேடி?

ஏனென்றால் மற்ற எல்லோரும் ஒரு விதமான ஆட்டத்தில் சிறந்தவர்கள். பிரேடி குறைந்தது நான்கு விதமான ஆட்டத்தில் அந்தந்த நேரத்து உச்சியில் இருந்தார். 2000 டிராஃப்ட்டில் ஆறாவது சுற்று, 199ஆவது ஆள். அவருக்கு முன்னால் ஆறு குவார்ட்டர்பேக்குகளை எடுத்தார்கள். 40 யார்டை ஓட 5.28 வினாடி, அந்த வேகத்தில் ஓடும் லைன்மேன்கள் உண்டு. 2001 செப்டம்பரில் அணியின் முதல் குவார்ட்டர்பேக் டிரூ பிளெட்சோவுக்கு அடிபட்டதால் உள்ளே வந்தார். அந்த முதல் பிரேடி பெரிதாக எதையும் செய்ய வேண்டியதில்லை. டிஃபென்ஸ் ஆட்டத்தைப் பிடித்து வைத்திருக்கும், இவர் கெடுக்காமல் இருந்தால் போதும். ஆனால் 2002இல் ராம்ஸுக்கு எதிரான அவருடைய முதல் சூப்பர் பவுல் 17-17 என்று இருக்கிறது, ஒன்றரை நிமிடம்கூட இல்லை, டைம்-அவுட் கிடையாது, பந்து 17 யார்டு கோட்டில். வர்ணனையில் இருந்த ஜான் மேடன், கோச்சாகவே சூப்பர் பவுல் ஜெயித்தவர், கடிகாரத்தை ஓடவிட்டு ஓவர்டைமுக்குப் போவதுதான் புத்திசாலித்தனம் என்றார். 24 வயதுப் பையன் சின்னச் சின்னப் பாஸாக வீசி மைதானத்தின் நடுவைத் தாண்டிக் கொண்டுவந்து, ஏழு வினாடி இருக்கும்போது பந்தைத் தரையில் அடித்துக் கடிகாரத்தை நிறுத்தினார். வினாட்டியெரி 48 யார்டு கிக், 20-17. கிக் அடித்தது பிரேடி அல்ல, உண்மை. அவ்வளவு தூரம் கொண்டுவரலாம் என்று முடிவெடுத்ததும் கொண்டுவந்ததும் அவர்.

இரண்டாவது பிரேடி 2007. ரிசீவர் ராண்டி மாஸ் வந்தார், நெடுந்தூரப் பந்துகள் பறந்தன, 50 டச் டவுன், வழக்கமான சீசனில் அணி 16-0, அதாவது 16 வெற்றி, தோல்வியே இல்லை. சூப்பர் பவுலில் ஜயன்ட்ஸிடம் 17-14 என்று தோற்றார்கள், ஆனால் அந்த சீசன் ஆட்டத்தின் வரலாற்றில் முதல் ஐந்துக்குள் வரும். மூன்றாவது பிரேடி 2010களில். மாஸ் இல்லை. கல்லூரியில் குவார்ட்டர்பேக்காக இருந்து ஏழாவது சுற்றில் எடுக்கப்பட்ட ஜூலியன் எடல்மன், ராட்சச உருவமான ராப் கிராங்கவுஸ்கி, இவர்களை வைத்துக்கொண்டு பந்தைக் கையில் இரண்டு வினாடிக்கு மேல் வைத்திருக்காத குறும்பாஸ் ஆட்டம். 2015 பிப்ரவரியில் சியாட்டிலிடம் பத்துப் புள்ளி பின்தங்கி, அன்றைய மிகச் சிறந்த டிஃபென்ஸுக்கு எதிராக நான்காவது குவார்ட்டரில் இரண்டு டச் டவுன் வீசி 28-24 ஆக்கினார். அப்புறம் எதிரணி ஒரு யார்டு கோட்டில் நிற்கும்போது மால்கம் பட்லர் பந்தைப் பறித்தார். பட்லர் பறிக்காவிட்டால் மோதிரம் இல்லை. ஆனால் பிரேடி செய்தது அப்போதும் அதேதான் அல்லவா?

2017 பிப்ரவரியில் அட்லாண்டாவுடன் நடந்ததை எல்லோரும் 28-3 என்று ஓர் எண்ணாகச் சொல்லிவிட்டுப் போவார்கள். முதல் பாதியில் பிரேடி வீசிய பந்தை ராபர்ட் ஆல்ஃபர்ட் பறித்து 82 யார்டு ஓடி டச் டவுன் அடித்தார். பிரேடி அவரைப் பிடிக்கப் பாய்ந்து, பிடிக்க முடியாமல் புல்லில் விழுந்து கிடந்தார். மூன்றாவது குவார்ட்டரில் 28-3. பிறகு ஃபால்கன்ஸும் உதவினார்கள். எட்டுப் புள்ளி முன்னிலையில், ஃபீல்ட் கோல் தூரத்தில் இருந்துகொண்டு, பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடிக் கடிகாரத்தைத் தின்னாமல் பாஸ் போடப் போய் பின்னால் தள்ளப்பட்டார்கள். இதெல்லாம் அதிர்ஷ்டக் கணக்கு. நான் பார்ப்பது வேறு எண். அன்று பேட்ரியட்ஸ் ஆடியது 93 பிளே, ஃபால்கன்ஸ் 46. தோற்றுக்கொண்டிருக்கும்போதும் பிரேடி அவசரப்பட்டு நீளப் பந்துகளை எறியவில்லை. ஆறு யார்டு, எட்டு யார்டு என்று எடுத்துக்கொண்டே இருந்தார். நான்காவது குவார்ட்டரில் ஃபால்கன்ஸின் டிஃபென்ஸ்காரர்கள் இடுப்பில் கை வைத்து மூச்சு வாங்கிக்கொண்டு நின்றதை வீடியோவில் பார்க்கலாம். 39 வயதுக்காரர் 62 பாஸ் வீசி, 466 யார்டு எடுத்து, இளைஞர்களைக் களைப்படைய வைத்தார். 34-28, ஓவர்டைம்.

இதற்கெல்லாம் பதில் ஒன்று இருந்தது: "எல்லாம் பெலிச்சிக் செய்தது." பில் பெலிச்சிக் என்ற கோச்சின் மூளை, பிரேடி வெறும் கருவி. இந்த வாதத்துக்கு நல்ல ஆதாரமும் இருந்தது. 2008இல் பிரேடி காயப்பட்டபோது, கல்லூரியில்கூட முதல் ஆளாக ஆடாத மாட் கேசலை வைத்து அணி 11-5 என்று ஜெயித்தது. நானே இந்த வாதத்தை நெடுநாள் மதித்தேன். 2020இல் அதற்குச் சோதனை வந்தது. 43 வயது, கோவிட் வருடம், முன்பயிற்சி ஆட்டங்கள் கிடையாது, புதிய கோச், திட்டங்களைச் சொல்லப் புதிய மொழி. பேட்ரியட்ஸை விட்டு பிரேடி போய்ச் சேர்ந்த டாம்பா பே அதற்கு முந்தைய வருடம் 7-9, 2007க்குப் பிறகு பிளே-ஆஃபையே பார்க்காத அணி. பிரேடி வந்த முதல் வருடமே சாம்பியன், இறுதி ஆட்டத்தில் மஹோம்ஸின் அணியை 31-9. அதே வருடம் பெலிச்சிக்கின் பேட்ரியட்ஸ் 7-9. அடுத்த வருடம் 44 வயதில் 5,316 யார்டு, லீகிலேயே முதல் இடம். கோச் புரூஸ் ஏரியன்ஸின் ஆட்டமோ நீளப் பந்து ஆட்டம், பேட்ரியட்ஸில் பிரேடி பத்து வருடம் ஆடியதற்கு நேர் எதிர். அதுதான் நான் சொன்ன நான்காவது பிரேடி.

எதிர்வாதங்களில் பாதி நியாயமானவை. 2007இல் எதிரணியின் சைகைகளை வீடியோ எடுத்து அணி மாட்டிக்கொண்டது, பெலிச்சிக்குக்கு ஐந்து லட்சம் டாலர் அபராதம். காற்று குறைந்த பந்து விவகாரத்தில் பிரேடிக்கு நான்கு ஆட்டத் தடை, 2016இல் அனுபவித்தார். அந்தப் பந்து ஆட்டத்தில் ஜெயித்தது 45-7, இடைவேளையில் காற்றடித்த பிறகுதான் இன்னும் நன்றாக ஆடினார்கள், ஆகவே எனக்கு அது பெரிய கறையாகத் தெரியவில்லை. வீடியோ விவகாரம் கறைதான். அவர் பிரிவில் இருந்த மற்ற மூன்று அணிகளும் பெரும்பாலும் சொத்தை, பஃபலோ 17 வருடம் பிளே-ஆஃப் பக்கமே வரவில்லை. அதனால் வருடாவருடம் பிளே-ஆஃபுக்குப் பாதை சுலபம். விதிகளும் அவரைக் காத்தன. யுனைட்டஸ் வாங்கிய அடியை வாங்கியிருந்தால் 45 வயது வரை நின்றிருப்பாரா? மாட்டார் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அதே விதிகள் மேனிங்கையும் ஏரன் ராட்ஜர்ஸையும் காத்தன. அவர்களில் யாரும் இப்படி நான்கு முறை தங்களைக் கலைத்துப்போட்டுக் கட்டவில்லை.

மஹோம்ஸைப் பற்றிக் கேட்டீர்கள். 28 வயதில் மூன்று சூப்பர் பவுல், மூன்றிலும் பத்துப் புள்ளி பின்தங்கி மீண்டு ஜெயித்தவை. 2020 பிப்ரவரியில் 20-10 என்று தோற்றுக்கொண்டிருக்கும்போது, 15 யார்டு தேவைப்படும் மூன்றாவது டவுனில், அதாவது மூன்றாவது முயற்சியில், தேவைக்கும் மேலே பின்னால் போய் நின்று டைரீக் ஹில்லுக்கு 44 யார்டு எறிந்தாரே, அந்த ஒரு பாஸை பிரேடியால் எந்த வயதிலும் எறிந்திருக்க முடியாது. திறமையை மட்டும் தராசில் வைத்தால் மஹோம்ஸ் பக்கம்தான் தாழும். பிளே-ஆஃபில் பிரேடியை இரண்டு முறை சந்தித்து இரண்டிலும் தோற்றார், ஆனால் அதை வைத்து நான் வாதாட மாட்டேன். ஒன்றில் ஓவர்டைமில் பந்தைத் தொடவே வாய்ப்பு வரவில்லை. இன்னொன்றில் அவரைக் காக்க வேண்டிய ஓரத்து லைன்மேன்களான இரண்டு டாக்கிள்களும் காயத்தில் வெளியே.

இதுவரை அவர் ஆடியதெல்லாம் ஆண்டி ரீட் என்ற ஒரே கோச்சிடம், டிராவிஸ் கெல்சி என்ற ஒரே நம்பிக்கையான ரிசீவரோடு. ஹில் போன பிறகு நீளப் பந்தைக் குறைத்துக்கொண்டு இரண்டு முறை ஜெயித்தாரே, அது இரண்டாவது மஹோம்ஸ் என்று வேண்டுமானால் கணக்கு வைக்கலாம். ரீட் ஓய்வு பெற்று, கெல்சியும் போய், கால் வேகம் பாதியாகும்போது மூன்றாவது ஒருவர் வருகிறாரா என்று பார்க்க இன்னும் ஏழெட்டு வருடம் ஆகும். அதுவரை நான்காவது மோதிரம், ஐந்தாவது மோதிரம் என்று வருகிற செய்திகளால் என் பதில் மாறாது.